அரிவாள் திட்டு, ஒண்ணு புள்ளி ஏழு

இன்னும் விடு, இன்னும் விடுடே, தண்ணி வத்திக் கெடக்குல்லா, கயிறு பத்தாதுன்னு லாஞ்சுல நின்ன ஆளு ஜெட்டிப் பாலத்தைப் பாத்துக் கத்தினான், மேல இருந்தவன் இன்னும் ரெண்டு முழம் விட்டான், குடிதண்ணிக் கேன் ஆடி ஆடி எறங்கி லாஞ்சுக்குள்ள வந்து உக்காந்துச்சு. அவ்வளவுதான் நடந்தது. லாஞ்சுல உக்காந்து அதைப் பாத்துக்கிட்டிருந்தேன். தண்ணி வத்துனா கயிறு நீளமா வேணும். தண்ணி ஏறுனா கொஞ்சம் போதும். யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆனா அரிவாள் திட்டை அளந்த அன்னைக்கு ஜெட்டி ஓரத்துல இருந்து நாங்க தொங்கவிட்டது கயிறு இல்ல, டேப்பு. அதுவும் இப்படித்தான, மேல இருந்து கீழ. மத்த நாளெல்லாம் ஜெட்டிக் காலோட கட்டி வச்ச மட்டக்கோல்லதான் தண்ணி உயரம் பாப்போம். அதுல நம்பர் கீழ இருந்து மேல போகும், தண்ணி ஏறுனா நம்பரும் ஏறும். அந்த ஒரு நாள் மட்டும் எவனோ லாஞ்சைக் கொண்டாந்து இடிச்சுக் கோல் முறிஞ்சு போச்சு, சரி டேப்பைத் தொங்கவிட்டுப் பாத்துக்கலாம்னு எங்கூட அளக்க வந்த இசக்கி சொன்னான், அவன் படிச்சான், நான் எழுதினேன். டேப்புல தண்ணி ஏற ஏற நம்பர் குறையும். அப்ப நோட்டுல அந்தப் பக்கத்து நம்பரை மட்டும் திருப்பிப் போட்டு மாத்தியிருக்கணும். மாத்துனேனா? மாத்தியிருப்பேன். மாத்தாம எப்படி இருப்பேன். பதினோரு வருசமா கடல் ஆழம் அளந்து படம் போடுதவ இதைக் கூடவா விட்டுருப்பேன். மாத்துனேனா?

லாஞ்சு கெளம்பிட்டு. மணி ஆறு அம்பது. கொத்தளத்தீவுல அந்தோணியார் கோயில் கொடியேத்தம், ஒம்பது மணிக்குப் பூசை, ஒம்பது லாஞ்சுல சனம் போவுது. எங்க லாஞ்சுல மட்டும் அறுபது பேரு. பொம்பளைங்க செபமாலையைக் கையில வச்சுக்கிட்டுச் செபத்தையும் ஊர்க்கதையையும் சேத்துச் சொல்லுதாங்க, பிள்ளைங்க முறுக்கைக் கடிக்குதுங்க, டீசல் வாசமும் மல்லிப்பூ வாசமும் கலந்து அடிக்குது. போன வருசம் வரைக்கும் தீவுக்கு வெளிப்பக்கமா, ஆழக்கடல் வழியா, கொடலைப் புரட்டி எடுக்கற அலையில ஒண்ணரை மணி நேரம் சுத்திப் போனாங்க. லாஞ்சுக்காரங்க தீவுங்க கிட்ட வாரதே இல்ல, அவங்க தொழில் தூரத்துல. வள்ளக்காரங்க திட்டு மேல போவாங்க, வள்ளத்துக்கு முழங்கால் தண்ணி போதும். அதனால சின்னத்தீவுக்கும் கொத்தளத்தீவுக்கும் நடுவுல லாஞ்சு போக வழி இருக்குன்னு யாருக்கும் தெரியாது. நான் கண்டுபிடிச்சேன். அரிவாள் திட்டுங்கற மணல்மேட்டுக்கு மேல, முப்பது அடி அகலத்துல, ஒண்ணு புள்ளி ஏழு மீட்டர் ஆழம். எவ்வளவு வத்துனாலும் இதுக்குக் கீழ போகாதுன்னு அர்த்தம். படத்துல நீல மையில கோடு போட்டுக் குடுத்தேன், நாப்பது நிமிசத்துல போயிரலாம்னு. லாஞ்சுக்காரங்க சங்கத்துல ஒவ்வொரு லாஞ்சுக்கும் ஒரு பிரதி லேமினேட் பண்ணிக் குடுத்தாங்க. அதுக்குப் பேரும் வச்சுட்டாங்க, பெனிட்டா ஓடை. எங்க அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதா, கடல்ல எம் மவ பேருல ஒரு ரோடு இருக்குன்னு. அந்த ரோட்டுல இன்னைக்குத்தான் மொத மொதல்ல லாஞ்சு போவுது. சனத்தை ஏத்திக்கிட்டு, வத்தின தண்ணியில.

இரு, பதறாத. கணக்கைப் போடு. திட்டு மேல அன்னைக்கு அளந்தது ரெண்டு மீட்டர், அது நல்லா ஞாபகம் இருக்கு, சரியா ரெண்டு, என்ன அழகா வந்துருக்குன்னு சிரிச்சேன். டேப்பு காட்டுனது முப்பது சென்டிமீட்டர். ரெண்டுல முப்பதைக் கழிச்சா ஒண்ணு புள்ளி ஏழு. ஐயோ. அப்படியே வருதே. ஜெட்டி விளிம்பு, தண்ணி ரொம்ப வத்துனப்ப நிக்கற அடிமட்டத்துக்கு ஒண்ணு இருபது மேல. அதுல முப்பது போனா தண்ணி உயரம் தொண்ணூறு. ரெண்டுல கழிக்க வேண்டியது தொண்ணூறு. கழிச்சா ஒண்ணு புள்ளி ஒண்ணு. ஆளு ஏறுன லாஞ்சு தண்ணிக்குள்ள எவ்வளவு எறங்கும்? இந்த லாஞ்சை ஓட்டுத கஸ்பார் அண்ணன் சொல்லியிருக்காரு, ஒண்ணு முப்பது, சனம் ஏறுனா ஒண்ணு நாப்பது. இல்ல, இரு, அளந்ததே ஒண்ணு எம்பத்தஞ்சா இருந்து, டேப்பு வேறயா இருந்து, எல்லாத்தையும் ஒழுங்கா மாத்தி, அதுலயும் ஒண்ணு புள்ளி ஏழு வந்திருக்கலாம்ல. வரலாம். எதுவும் வரலாம். பயந்த மனசு தனக்கு வேண்டிய நம்பரைத் தானே போட்டுக்கும். மாத்தின பக்கத்துக்கெல்லாம் சிவப்பு மையில டிக் போடுவேன். அந்தப் பக்கத்துல டிக் இருந்துச்சா? கண்ணை மூடுனா நோட்டு தெரியுது, உப்புத்தண்ணி பட்டு ஓரம் சுருண்ட பக்கம், என் கோணக் கையெழுத்து, மேல தேதி, கீழ இசக்கி ஊத்துன டீக்கறை. டிக் வேணும்னு நெனச்சா டிக் வருது. வேண்டாம்னு நெனச்சா அதே இடத்துல டீக்கறைதான் இருக்கு. சவத்து மூதி, ஒரு சிவப்பு டிக்கு, அதைக் கூடவா உனக்கு ஞாபகம் வச்சுக்க முடியல.

வசுமதிக்கு மெசேஜ் போட்டேன், ஆபீஸ்ல எனக்குப் பக்கத்து சீட்டு, அந்த நோட்டு அவ வீட்டுப் பீரோலதான் இருக்கு. அரிவாள் திட்டுப் பக்கத்தைப் பாத்து டிக் இருக்கான்னு சொல்லு, அவசரம். மெசேஜ் போயிச் சேராம ஒத்த டிக்கோட நிக்குது. ஞாயித்துக்கெழம ஏழு மணிக்கு அவ போர்வையை விட்டு எந்திரிச்சிருக்கவே மாட்டா. போன் போட்டேன், ரிங்கு போகாமலே கட் ஆவுது. கரையை விட்டு வந்தாச்சு, டவர் போயிட்டு. அப்ப இனிமே நான்தான். நானும் இந்தத் தலையும்தான். சொல்லிரலாம். கஸ்பார் அண்ணே, நிறுத்துங்க, படத்துல சந்தேகமா இருக்குன்னு போயி சொல்லிரலாம். சொன்னா? அறுபது பேரும் திரும்பிப் பாப்பாங்க. படம் சரியா இருந்துட்டா? போன வருசம் இப்படித்தான் வேற ஒரு தீவோட வால்ல ஒரு நம்பர் மேல சந்தேகம் வந்து மூணு நாள் வேலையை நிறுத்தி மறுபடியும் அளந்தேன். அதே நம்பர் வந்துச்சு. மேலதிகாரி ரூம்ல கூப்பிட்டு, பெனிட்டா, உனக்கே உம்மேல நம்பிக்கை இல்லன்னா நாங்க எப்படிம்மா நம்புறதுன்னு கேட்டாரு. சத்தமெல்லாம் போடல. மெல்லத்தான் சொன்னாரு. அதுதான் இன்னும் எரியுது. அதுக்கப்புறம் சந்தேகம் வந்தா வாயை மூடிக்கிட்டு எச்சியை முழுங்கப் படிச்சுக்கிட்டேன்.

தீவு தெரியுது. இடது பக்கம் சின்னத்தீவு, வலது பக்கம் கொத்தளத்தீவு, ரெண்டும் தண்ணி மேல பச்சையா ஒரு கோடு, அதுக்குக் கீழ வெள்ளையா ஒரு கோடு. பாக்கத்தான் கோடு. கிட்டப் போனா கோடும் கெடையாது ஒண்ணும் கெடையாது. ஜிபிஎஸ் கம்பைத் தூக்கிக்கிட்டுத் தண்ணி ஓரமா நடப்பேன், எது தீவு எது கடல்னு ஒவ்வொரு அலையும் ஒரு பேச்சுப் பேசும். காலையில நடந்த ஓரம் சாயங்காலம் தண்ணிக்குள்ள இருக்கும். மேக்க இருந்து கச்சான் காத்து அடிக்கற ஆறு மாசம் மணலை அள்ளி ஒரு பக்கம் போடும், வாடைக்காத்து வந்து அதைத் திருப்பி இழுக்கும். இந்தத் தீவுங்க இப்படி வரிசையா குறுக்க நின்னு அலையை வாங்கிக்கிடுததாலதான் கரையில நம்ம வீட்டுச் சுவரு நிக்குது. அலையை வாங்குற எதுவும் ஒரே இடத்துல இருக்க முடியாது. மேக்க கரைஞ்சு கெழக்க வளரும், வளர்ற பக்கம் வால் மாதிரி மணல் நீண்டு தண்ணிக்குள்ள போயி திட்டா கெடக்கும். அரிவாள் திட்டு சின்னத்தீவோட வால்தான், வளைஞ்சு கொத்தளத்தீவைத் தொடப் பாக்குது. இதையெல்லாம் புரிஞ்சவள்னு எனக்கு எம்புட்டு கர்வம். கடல் அசையும், திட்டு அசையும், எல்லாம் அசையும்னு வகுப்பு எடுக்கத் தெரிஞ்சவளுக்கு ஒரு டேப்பு எந்தப் பக்கமா தொங்குச்சுன்னு தெரியல. காத்து தெக்க இருந்து வருது, அலை கொஞ்சம் இருக்கு. சும்மா மணல்ல தட்டுனா லாஞ்சு நிக்கும், அவ்வளவுதான், எறங்கித் தள்ளலாம். அலையோட தட்டுனா பக்கவாட்டுல சாயும். மேல அறுபது பேரு ஒரே பக்கமா ஓடுவாங்க. முறுக்கு திங்குற பிள்ளைங்க. மணி ஏழு பதினெட்டு. பன்னெண்டு நிமிசம் இருக்கு.

பின்னால ஜூடோட லாஞ்சு வருது. அதுலதான் அம்மா இருக்கா. நான்தான் ஏத்தி விட்டேன், அதுல நெழலு நெறைய இருக்கு, பிளாஸ்டிக் சேரைப் போட்டுக் கயித்தால கட்டி உக்கார வச்சேன், முட்டிவலிக்காரி, நின்னா அழுவா. எங்க லாஞ்சும் ஜூடு லாஞ்சும் எப்பவும் போட்டிதான், மொதல்ல போயிச் சேருற லாஞ்சுக்காரங்கதான் கொடிக்கயித்தை மொதல்ல பிடிக்கணும்னு வழக்கம், வருசா வருசம் இதுக்குச் சண்டை. கையில இருந்தாலும் ஜூடுக்கு என் படம் வேண்டாம், அவன் எங்க பின்னால ஒட்டிக்கிட்டே வந்து கடைசியில முந்துவான். இசக்கி. இசக்கி இருந்தா கேக்கலாம், அவன் இப்ப ஒடிசாவுல வேலையில கெடக்கான். அன்னைக்கு அளந்து முடிச்சப்புறம் இங்கதான் வள்ளத்தை நிறுத்திச் சோறு தின்னோம், புளிசாதம், சாயங்காலம் வரைக்கும் கெடந்தோம், தண்ணி வத்தட்டும் திட்டு ஓரத்துல ரெண்டு புள்ளி எடுக்கணும்னு. தண்ணி வத்துச்சு. இசக்கி எறங்குனான். எங்க எறங்குனான்? ஓடையிலதான், நான் குச்சி நட்ட இடத்துலதான், நடுவுல. எறங்கி நின்னுக்கிட்டு எங்கிட்டத் தீப்பெட்டி கேட்டான். சட்டைப் பையில இருந்து பீடியை எடுத்தான். பீடி நனையல. சட்டைப்பை நனையல. தண்ணி அவனுக்கு இடுப்புக்குக் கொஞ்சம் மேல நின்னுச்சு, பொகையை விட்டுக்கிட்டு, எக்கா நம்ம ஊரு கொளம் மாதிரில்லா இருக்குன்னான். ஒண்ணு புள்ளி ஏழுன்னா இசக்கி முங்கியிருப்பான். என்னை விட ரெண்டு விரக்கடைதான் ஒசரம் அவன். நான் வள்ளத்துல உக்காந்து அதைப் பாத்துக்கிட்டே சிரிச்சேன். பாத்துக்கிட்டே இருந்தேனே. கண்ணு பாத்துச்சு, கை அடுத்த வாரம் ஒண்ணு புள்ளி ஏழுன்னு எழுதுச்சு.

எந்திரிச்சேன். மாலை சொல்லுத பொம்பளைங்க முட்டியைத் தாண்டி, தூக்குவாளியைத் தாண்டி, வீல் ரூமுக்குள்ள போனேன். கஸ்பார் அண்ணன் ஒரு கையால வீலைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால சுண்டல் தின்னுக்கிட்டிருந்தாரு. அவருக்கு முன்னால கண்ணாடியில என் படம் ஒட்டியிருக்கு. வா பிள்ளை, உன் ரோட்டைப் பாக்க வந்தியா, சுங்கம் எவ்வளவு கட்டணும்னு கேட்டுச் சிரிச்சாரு. நான் அவர் காதுகிட்டப் போயி, அண்ணே, மெல்லமாப் போங்க, அங்க தண்ணி பத்தாதுன்னு நெனைக்கேன்னு சொன்னேன். நெனைக்கேன்னுதான் வந்துச்சு வாயில. தெரியும்னு வரல. அவரு சுண்டலை மெல்லுறதை நிறுத்துனாரு. என்ன பிள்ளை சொல்லுத. திட்டு மேல ஒண்ணு புள்ளி ஏழு இல்லண்ணே, ஒண்ணு புள்ளி ஒண்ணு, நான் தப்பாப் போட்டுட்டேன். அவரு என் மூஞ்சியை ஒரு தடவை பாத்தாரு. திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். எஞ்சினைக் கொறச்சாரு. சனத்துக்கிட்ட ஒண்ணும் சொல்லிக்கிடாதீங்கண்ணே, பயந்து எந்திரிச்சு ஓடுவாங்கன்னேன். அது நெசம்தான். ஆனா அதுக்குச் சொல்லல நான். மானம் போகுமேன்னு சொன்னேன். சரி, வெளி வழியா சுத்திப் போயிருவோம், எஞ்சின்ல கோளாறுன்னு சொல்லிக்கிடலாம்னு சொன்னாரு அந்த நல்ல மனுசன். எனக்கு அப்படியே அவர் கால்ல விழலாம் போல இருந்துச்சு. தப்பிச்சாச்சு. ஒருத்தருக்கும் தெரியாது. நாளைக்கு ஆபீஸ் போயி நம்பரை மாத்தி, மணல் வந்து மூடிட்டுன்னு ஒரு வரி எழுதிப் புதுப் படம் குடுத்துரலாம். திட்டுதான் அசையுமே, யாரு கேக்கப் போறா.

லாஞ்சு மெல்லத் திரும்புச்சு. அப்ப ஓன்னு ஒரு கூச்சல். எங்க லாஞ்சு சனம் இல்ல. ஜூடோட லாஞ்சு எங்களை முந்திப் போவுது. கஸ்பார் அண்ணாச்சி டீசல் தீந்துட்டா, கயித்தை நாங்க பிடிச்சுக்கிடுதோம் நீங்க மெல்ல வாங்கன்னு பயலுக விசிலடிக்கானுவ, எங்க ஆளுங்க கையை ஆட்டிக் கெட்ட வார்த்தையில திட்டுதாங்க, எல்லாம் சிரிப்பு. அம்மா சேர்ல உக்காந்து என்னையத் தேடுதா. பாத்துட்டா. கையைத் தூக்கி முன்னால தண்ணியக் காட்டி, பக்கத்துல இருக்கவகிட்ட என்னமோ சொல்லுதா, என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும். அவங்க நேரா ஓடைக்குப் போறாங்க. அண்ணே, சொல்லுங்க அவன்கிட்ட. கஸ்பார் அண்ணன் வயர்லெஸை எடுத்தாரு, ஜூடு, டேய், மெல்லப் போடே, அங்க போகாத. கர்ருன்னு சிரிப்பு வந்துச்சு அதுல இருந்து. போங்கண்ணாச்சி, தோத்தவரு பேச்செல்லாம் கேக்க முடியாது. போகாதலே, தண்ணி இல்ல. அண்ணாச்சி, இப்படித்தான போன வருசமும் ஒரு பொய்யச் சொல்லி முந்துனீய, படத்துல ஒண்ணு புள்ளி ஏழு போட்டிருக்குல்லா, எனக்கும் படிக்கத் தெரியும். கஸ்பார் அண்ணன் என்னையப் பாத்தாரு. நான் சொன்னா நம்ப மாட்டான் பிள்ளைன்னாரு.

வயர்லெஸ் கையில வந்துட்டு. உப்பு பிசுபிசுக்குது. பட்டனை அமுக்குனா ஒம்பது லாஞ்சுலயும் கேக்கும், டிரைவர் தலைக்கு மேல ஸ்பீக்கர், சனம் மொத்தமும் கேக்கும், பூசை வைக்கப் போற பங்குச்சாமி ஏறியிருக்க லாஞ்சுலயும் கேக்கும். ஜூடு அண்ணே, நான் பெனிட்டா பேசுதேன். படம் போட்ட பெனிட்டா. அந்த ஒண்ணு புள்ளி ஏழு தப்பு. நான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன். அங்க ஒண்ணு புள்ளி ஒண்ணுதான் இருக்கு. எங்க அம்மா உங்க லாஞ்சுல இருக்காண்ணே, நான் வெளையாடுவேனா, நிறுத்துங்க. பட்டனை விட்டேன். அவன் லாஞ்சு போயிக்கிட்டே இருக்கு. அப்புறம் அதோட பின்பக்கம் தண்ணி கொதிச்ச மாதிரி கெளம்புச்சு, பின்னால இழுக்கான், முன்னாலப் பக்கம் பழுப்பா மணல் கலங்கி மேல வருது, லாஞ்சு ஒரு பக்கமா சாயுது, அலை ஒண்ணு வந்து அதைத் தூக்கி வைக்குது, அய்யோ மாதாவேன்னு மொத்தக் கூட்டமும் அலறுது, அம்மா சேரோட சாஞ்சு கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குதா. இன்னொரு அலை. அதுல லாஞ்சு பின்னால நகந்துச்சு. நகந்து நகந்து, நேரா நிமிந்து, பச்சைத் தண்ணிக்கு வந்துட்டு. ரெண்டு பேரு அம்மாவைத் தூக்கி உக்கார வைக்காங்க. அவ சேலையை இழுத்துச் சரி பண்ணுதா. இந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

எங்க லாஞ்சுல மாலை சொல்லுத சத்தம் நின்னுட்டு. அறுபது பேரும் வீல் ரூம் பக்கம் பாக்காங்க. வயர்லெஸ்ல யாரோ, ஜூடு இல்ல, வயசான கொரலு, பெனிட்டா பிள்ளை, வடக்க வழியா வார மூணு லாஞ்சும் உன் படத்தைப் பாத்துத்தான் வந்துக்கிட்டிருக்கோம், இங்க குறுக்க கெடக்க முயக்கால் திட்டுக்கு ஒண்ணு புள்ளி ஒம்பது போட்டிருக்க, அது சரிதானம்மான்னு கேட்டாரு. மரியாதையாக் கேட்டாரு. முயக்கால் திட்டு கோல் வச்சு அளந்தது. சரியாத்தான் இருக்கணும். அந்த நோட்டுல நாப்பத்தாறு பக்கம், ஒரு பக்கம்தான் டேப்பு, மத்த நாப்பத்தஞ்சும் கோலு, ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை பாத்தேன். அரிவாள் திட்டையும் ரெண்டு தடவை பாத்தேன்னுதான் காலையில ஆறு மணிக்குக் கேட்டிருந்தா சத்தியம் பண்ணியிருப்பேன். சொல்லும்மா, போலாமா. தெரியலண்ணேன்னு சொன்னேன். அந்தப் படத்துல எந்த நம்பரையும் நம்பாதீங்க, கம்பு போட்டு ஆழம் பாத்துட்டு வாங்க. கஸ்பார் அண்ணன் என் தோளைப் பிடிச்சாரு. ஒரு பக்கந்தான பிள்ளை தப்பு, மத்ததையும் ஏன் சொல்லுத, ரெண்டு வருசத்து வேலைல்லா, எல்லாத்தையும் நீயே கெடுத்துக்கிடாதன்னாரு. காத்துல சரியாக் கேட்டிருக்காதுன்னு தோணுச்சு. மறுபடியும் பட்டனை அமுக்கி, எல்லா லாஞ்சுக்கும் கேக்குற மாதிரி சத்தமா, நான் பெனிட்டா பேசுதேன், எந்த நம்பரையும் நம்பாதீங்கன்னு சொன்னேன்.